ஏழாம் கேள்வி

பிரதேச செயலகத்துப் பெடியன் தந்துவிட்டுப் போன படிவம்.
மூத்த கலைஞர் கொடுப்பனவு.
ஏழாம் கேள்வி:
‘இதுவரை ஆற்றிய இலக்கியப் பணிகள்.’
கீழே மூன்று கோடு,
ஒவ்வொன்றும் ஒரு சாண்.

பெயர், சின்னையா திருவேரகன். அது சுலபம்.
தொழில், துறைமுகத்தில் எழுதுவினைஞர்.
முப்பத்தொரு வருடம்
மா மூட்டையும் சீமெந்து மூட்டையும் எண்ணிய விரல்
சும்மா கிடவாமல்
பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் அசையும் எண்ணியது.

முதலில் எழுதியது காதல் என்றால் பொய்.
முதலில் எழுதியது நகரசபைத் தேர்தல்.
மருந்துக்கடை இரகுபதியாருக்கு
எட்டு விருத்தம், பத்து ரூபா.
எதிர்த்து நின்ற மீன் ஏலக்கார அருமைத்துரைக்கு
அதே கிழமை, வேறு புனைபெயரில்,
வசை பதின்மூன்று, பதினைந்து ரூபா.
என்னை நானே வைது
என்னை நானே மறுத்த அந்தப் பத்து நாளில்தான்
எனக்கு யாப்புப் படிந்தது.
ஒட்டிய விடியலிலேயே
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் இறங்கி வந்து
பசைக்காகச் சுவரொட்டிகளைத் தின்றன,
இரு கட்சியையும், பேதமில்லாமல்.
அதைவிட நேர்மையான விமர்சகரை
நான் பிறகு சந்திக்கவில்லை.

சந்தித்தேன், ஒருவனை.
கிண்ணியாவில் நாலு பக்க ஏடு நடத்திய றஹீம்தீன்.
உட்துறைமுகத்தைப் பற்றிய என் புதுக்கவிதையில்
‘ஆழம்’ பதினொரு தரம்.
ஒன்பதை வெட்டினான்.
அதன் பிறகு தண்ணீர் தெரிந்தது.

பிறகு காலம் வேறாகியது.
இரவில் கதவு தட்டிய பெடியளுக்கு
ஒரே ஒரு வரி கொடுத்தேன், காசில்லாமல்:
‘கரையும் நமதே, திரையும் நமதே.’
எதுகை தானாய் வந்து விழுந்தது.
தானாய் விழுந்ததை
ஆரும் பொறுக்கிக்கொண்டு ஓடலாம்.
ஓடினார்கள்.
உப்புவெளிக் கரையில் பியதாசவின் வாடி எரிந்த இரவு
கூட்டத்தின் வாயில் இருந்தது என் வரி,
ஓசை பிசகாமல்.

பியதாச சித்திரை கழிய வருவான்,
வாடைக்கு முன் போய்விடுவான்.
ஒரு சொல்லும் விளங்காமல்
என் கவிதையைத் தலையாட்டிக் கேட்டு
‘ஹொந்தாய்’ என்று ஒரு பாரைக் குட்டியைக் கையில் வைப்பான்.
அடுத்த சித்திரையில் வரவில்லை.
எந்தக் கோட்டில் எழுதுவது இதை?

அதன் பிறகு கல்வெட்டு மட்டும்தான் பாடினேன்.
முப்பத்தோராம் நாள் புத்தகத்துக்கு,
பெயர், குலம், குணம், திதி.
சாவுக்குக் கட்சியில்லை என்று நம்பினேன்.
சாவடியில் கொப்பியைப் புரட்டிய சிப்பாய்
‘மொகதே?’ என்றான்.
செத்தவர்கள் கணக்கு என்றேன்.
மூடித் தந்துவிட்டான்.

பாலையூற்று யோகமலர் வந்தாள்.
மூதூர் லோஞ்சுக்கென்று போன நல்லரத்தினத்துக்கு
உடலும் இல்லை, நாளும் இல்லை.
ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிறாள்
ஒரு திதி வெண்பா.

ஆவணியோ ஐப்பசியோ ஆரறிவார் ஆழியிலே
போவதென்று சொல்லாமற் போனவர்க்கு — ……

மிச்சம் இரண்டடியும் முடிந்துவிட்டன.
தனிச்சொல்லை மட்டும் விட்டுவைத்தேன்.
திதி தெரியும்போது போடலாம்.
பூரணை என்றால் ஓடும்.
நவமி என்றால் தளை தட்டும்.
தட்டட்டும் பிள்ளை, முதலில் தெரியட்டும் என்றேன்.
ஒவ்வொரு தையும் வருகிறாள்,
நிரப்பச் சொல்லி அல்ல.
கொப்பியை வாங்கி
அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறதா என்று பார்த்து
தேத்தண்ணீர் குடிக்காமல் போகிறாள்.

படிவம் நாளைக்குள் கொடுக்கவேண்டும்.
முதற்கோட்டில், தேர்தல் விருத்தங்கள், இரு தரப்புக்கும்.
இரண்டாவதில் பியதாச என்று எழுதியிருக்கிறேன்.
இது எந்த ஆண்டு வெளிவந்த நூல், ஐயா
என்று பெடியன் கேட்பான்.
மூன்றாவதை அப்படியே விட்டால்
பூரணமற்றது என்று திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.
மதிலோரம் ஒரு மான் வந்து நிற்கிறது,
கடதாசி வாசம் பிடித்ததோ என்னவோ.